கல்லில் வரைந்த பெண்: லித்தோகிராஃப் என்றால் என்ன?

சிவப்பு நிற நீள இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். கருப்புக் காலுறை அணிந்த கால்கள் இரண்டும் அகல விரிந்திருக்கின்றன. கைகளைக் கோத்து முழங்கால்களுக்கு நடுவே தொங்கவிட்டிருக்கிறார். கழுத்தைச் சுற்றி மஞ்சளில் ஒரு பெரிய சுருக்குக் காலர். தலையில் வெளிர்நிற விக், அதன் உச்சியில் மஞ்சள் ரிப்பன். கோமாளி வேஷம்தான், ஆனால் சிரிக்கவைக்கும் வேலை எதையும் அவர் இப்போது செய்யவில்லை. பின்னணியில் மங்கலாகச் சிலர் தெரிகிறார்கள். கூட்டம் இருக்கிறது, ஆனாலும் அவர் தனியாகத்தான் இருக்கிறார்.

படத்தின் பெயர் 'உட்கார்ந்திருக்கும் கோமாளிப் பெண்'. 1896இல் பாரிஸில் வெளிவந்தது. வரைந்தவர் ஆன்றி து துலூஸ்-லோத்ரெக். படத்தில் இருப்பவர் ஷா-யு-காவோ என்ற மேடைப்பெயர் கொண்ட பிரெஞ்சுக் கலைஞர். மூலான் ரூஜ் நடன அரங்கிலும் பாரிஸின் நூவோ சர்க்கஸிலும் நிகழ்ச்சி நடத்தியவர். லோத்ரெக்குக்குப் பிடித்த முகங்களில் ஒன்று. எண்ணெய் வண்ணத்திலும் இவரை வரைந்திருக்கிறார்.

இந்தப் படம் ஓவியம் இல்லை, லித்தோகிராஃப். தமிழில் கல்லச்சு என்போம். 100 பிரதிகள் அச்சடித்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது, சிகாகோவில் ஒன்று இருக்கிறது, இன்னும் பல இடங்களிலும் உண்டு. கலை பற்றிப் புதிதாகப் படிக்க வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி இங்கேதான் வரும்: அப்படியானால் இதில் அசல் எது? எங்கோ ஓர் ஓவியம் இருந்து, அதை நூறு தரம் நகலெடுத்தார்களா?

இல்லை. நூறும் அசல்தான். அது எப்படி என்று புரிய, முதலில் கல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

அச்சு என்றாலே நம் மனதுக்கு வருவது மேடு பள்ளம். ரப்பர் முத்திரையில் எழுத்து மேடாக இருக்கும், மேட்டில் மை ஒட்டும். மரக்கட்டை அச்சும் அப்படித்தான். செப்புத் தகட்டு அச்சு இதற்கு நேர்மாறு: கோட்டைத் தகட்டில் கீறிப் பள்ளமாக்குவார்கள், பள்ளத்தில் மை தங்கும். இரண்டிலும் வரைகிற கை ஒரு கடினமான பொருளோடு போராட வேண்டும். மரத்தைச் செதுக்குவதற்கும் தாளில் பென்சில் ஓட்டுவதற்கும் நிறைய தூரம். ஓவியர் வரைந்து கொடுப்பார், செதுக்குவது பெரும்பாலும் வேறொருவராக இருப்பார். வழியில் கோட்டின் உயிர் கொஞ்சம் போய்விடும்.

லித்தோகிராஃபில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கல் முழுக்கச் சமதளம். நடப்பது வேதியியல். சமையலறைக் கல்தரையில் எண்ணெய் சொட்டி ஊறிவிட்டால், பிறகு அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டாமல் விலகி ஓடும் அல்லவா? அந்தக் குணத்தை ஒழுங்குபடுத்தி ஓர் அச்சுமுறை ஆக்கினார்கள்.

கண்டுபிடித்தவர் அலோய்ஸ் செனெஃபெல்டர். மியூனிக்கில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர். தன் நாடகங்களை அச்சடிக்கக் காசு போதவில்லை, அதனால் மலிவான வழி தேடி அலைந்தார். செம்புத் தகடு விலை அதிகம். பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் பகுதியில் கிடைத்த வழவழப்பான சுண்ணாம்புக்கல் மலிவு. 1796இல் ஒருநாள் அம்மா சலவைக்குப் போடும் துணிகளின் பட்டியலைக் குறிக்கச் சொன்னபோது கையருகில் தாள் இல்லை, மெழுகு கலந்த மையால் கல்லிலேயே எழுதினார், அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். முழு முறையும் கைகூட இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. (இதே சோல்ன்ஹோஃபென் கல்லில்தான் 1861இல் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவையின் புதைபடிவம் கிடைத்தது. அதன் முழு அறிவியல் பெயரில் 'லித்தோகிராஃபிகா' என்று இருப்பது இந்த அச்சுக்கல்லால்தான். ஓர் இறகின் தடத்தைக் கோடி வருஷங்கள் பத்திரமாக வைத்திருக்கும் அளவுக்கு நுண்மையான கல் என்றால், ஓவியரின் கிரெயான் கோடு அதில் எப்படிப் பதியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.)

வேலை இப்படி நடக்கும். 8 முதல் 10 செ.மீ. தடிமனுள்ள கல்லை எடுத்து, மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துச் சமமாக்குவார்கள். எவ்வளவு நுண்ணிய மணலோ அவ்வளவு நுண்ணிய சொரசொரப்பு மேற்பரப்பில் வரும். கிரெயான் கோட்டுக்கு அந்த மணிமணியான தன்மை வருவது இதனால்தான். பிறகு ஓவியர் வருவார். கையில் இருப்பது மெழுகு, கொழுப்பு, சோப்பு, விளக்குக் கரி எல்லாம் சேர்த்த கிரெயான். அல்லது அதே சேர்மானத்தைக் கரைத்த மை, அதற்கு ஒரு தூரிகை. தாளில் வரைவதுபோலக் கல்லில் வரைவார். சுரண்டி வெளிச்சம் கொண்டுவரலாம், பட்டையாகப் பூசலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: அச்சில் எல்லாம் இடவலம் மாறி வரும். சுவரொட்டிக்கு எழுத்து எழுதுகிறவர் இடவலம் மாற்றி எழுதப் பழகியிருக்க வேண்டும்.

வரைந்து முடித்ததும் கல்லின் மேல் வேலம்பிசின் கரைசலில் துளி நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பூசுவார்கள். கொழுப்பு இருக்கும் இடம் கல்லின் சுண்ணாம்போடு வினைபுரிந்து அங்கேயே நிலைத்துவிடும். வெற்றிடங்களில் பிசின் படிந்து, தண்ணீரைப் பிடித்துவைக்கும் தன்மை வந்துவிடும். அடுத்து டர்பன்டைன் ஊற்றி ஓவியர் போட்ட கருப்பைத் துடைத்து எடுத்துவிடுவார்கள். முதல்முறை பார்க்கிறவருக்கு நெஞ்சு படபடக்கும் கட்டம் இது, ஏனென்றால் படமே மறைந்துபோனதுபோல இருக்கும். மறையவில்லை. கல்லை ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் மை தடவிய உருளையை உருட்டினால், வெற்றிடத்தில் தண்ணீர் மையைத் தள்ளிவிடும், வரைந்த இடம் மையை வாங்கிக்கொள்ளும். படம் கோட்டுக்குக் கோடு திரும்பி வரும். தாளை வைத்து அழுத்தினால் ஒரு பிரதி. மறுபடி ஈரம், மறுபடி மை, இன்னொரு பிரதி.

நூறும் அசல் என்று சொன்னதன் காரணம் இதுதான். லோத்ரெக் தாளில் ஓவியம் முடித்து அதை யாரோ கல்லுக்கு மாற்றவில்லை. கடைசியாக உருவாகிற படம் இப்படி அமைய வேண்டும் என்று மனதில் வைத்துக் கல்லிலேயே வேலை செய்தார். நூறு தாள்களில் அச்சாகி வரும்வரை அந்தப் படைப்பு முடியவே இல்லை. கல் ஓவியமும் அல்ல, ஓவியத்தின் நகலும் அல்ல. அச்சு முடிந்ததும் கல்லை மறுபடி மணல்போட்டுத் தேய்த்து அடுத்த படத்துக்குத் தயார் செய்துவிடுவார்கள்.

நிறத்துக்கு வருவோம். ஒரு கல்லில் ஒரு நிறம்தான். ஷா-யு-காவோ படத்தில் ஐந்து நிறங்கள். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக வரைந்து, அதே தாளை ஒவ்வொரு கல்லிலும் மில்லிமீட்டர் பிசகாமல் பொருத்தி அழுத்த வேண்டும். தாள் சுமார் 52 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம். இந்த அளவுக்கான கல் ஒவ்வொன்றும் 50 கிலோ பக்கம் வரும். நூறு தாள், ஐந்து நிறம் என்றால் ஐந்நூறு முறை அழுத்த வேண்டும். இதைச் செய்துகொடுத்த அச்சாளர் ஒகுஸ்த் க்ளோ. நிற லித்தோகிராஃபில் அன்றைய பாரிஸில் பெரிய கை அவர். பொன்னார், வுயார், ரெதோன், முன்க் என்று ஓவியர்கள் பலரும் அவரிடம் போனார்கள்.

இப்போது படத்தை மறுபடி பாருங்கள். ஐந்து கல்தான் என்ற கட்டுப்பாடு லோத்ரெக்கைச் சிக்கனமாக்கியிருக்கிறது. நிழலைப் படிப்படியாக மென்மையாக்கி உடம்பை உருண்டையாகக் காட்ட அவர் முயலவில்லை. காலுறை ஒரே கருப்புத் திட்டு, இருக்கை ஒரே சிவப்புத் திட்டு. அந்த இரண்டுக்கும் மேலே மஞ்சள் காலர் வெடித்து நிற்கிறது. நம் கண் முதலில் காலருக்குப் போகும், அங்கிருந்து முகத்துக்கு ஏறும், பிறகு கருப்புக் கால்கள் வழியாக இறங்கிக் கோத்த கைகளில் வந்து நிற்கும். என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் மையம் முகம் அல்ல, அந்தக் கைகள்தான். நிகழ்ச்சி நடத்துகிறவருடைய கைகள் எப்போதும் ஏதாவது செய்துகொண்டிருக்கும். இங்கே அவற்றுக்கு வேலை இல்லை.

நிறத்திட்டுகளை இப்படித் தட்டையாக வைக்கும் துணிச்சல் ஜப்பானிய மரக்கட்டை அச்சுகளிலிருந்து வந்தது. அந்தக் காலத்துப் பாரிஸ் ஓவியர்கள் அவற்றைத் தேடித் தேடி வாங்கினார்கள். லோத்ரெக்கும் சேகரித்தார். உட்டமாரோ என்ற ஜப்பானியக் கலைஞர் நூறு வருஷத்துக்கு முன்பே கேளிக்கைக் குடியிருப்புப் பெண்களின் நாளை மணிக்கு மணி காட்டும் அச்சுத் தொகுப்பு செய்திருந்தார்.

இன்னொரு நுட்பத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மை தெளித்தல். பல் துலக்கும் பிரஷை நீர்த்த லித்தோ மையில் தோய்த்து, கத்தியால் அதன் தூவிகளைச் சுண்டிவிட்டால் பொடிப்பொடியாகப் புள்ளிகள் கல்லில் விழும். மை விழக்கூடாத இடத்தில் முதலிலேயே பிசினைப் பூசி மறைத்துவிடுவார்கள். செனெஃபெல்டர் காலத்திலிருந்து தெரிந்த உத்திதான், ஆனால் லோத்ரெக் அளவுக்கு அதை மனநிலைக்குப் பயன்படுத்தியவர்கள் குறைவு. கோடு போட்டால் அது ஒரு பொருளின் எல்லை ஆகிவிடும். தூறலுக்கு எல்லை கிடையாது. புகையும் வெளிச்சமும் தூசியும் நிறைந்த நடன அரங்கின் காற்றை இதைவிட நன்றாக எதுவும் காட்டாது. முன்னால் இருக்கும் பெண்ணுக்கு உறுதியான கருப்பு, பின்னால் இருப்பவர்களுக்குக் கரைகிற கோடு. தனிமையை முகபாவத்தை வைத்துச் சொல்லாமல் மையின் அடர்த்தியை வைத்தே சொல்லிவிட்டார்.

சரி, லோத்ரெக் எப்படி இந்தத் தொழிலுக்குள் வந்தார்? பிரபு குடும்பத்துப் பிள்ளை. 1864இல் தெற்குப் பிரான்சின் ஆல்பி நகரில் பிறந்தார். சிறுவயதில் இரண்டு தொடை எலும்புகளும் அடுத்தடுத்து முறிந்து, கால்கள் அதன்பின் வளரவே இல்லை. அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த உயரத்திலும் குடியிலும் போய் முடிகிறது. அவர் அச்சகத்தில் நின்ற நேரத்தைப் பற்றி அதைவிட அதிகமாகப் பேசியிருக்கலாம். 1891இல் மூலான் ரூஜுக்காக முதல் சுவரொட்டி போட்டார். சுமார் 3000 பிரதிகள் பாரிஸ் சுவர்களில் ஏறின, ஒரே வாரத்தில் ஊருக்கே பெயர் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் ஜூல் ஷெரே என்ற சுவரொட்டிக் கலைஞர் வழி போட்டு வைத்திருந்தார். 1881இல் வந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் சுவரொட்டிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டிருந்தது. அதன்பின் பத்து வருஷத்தில் 350க்கும் மேற்பட்ட லித்தோகிராஃப்கள். 1901இல் இறந்தபோது வயது 36.

அச்சகத்தின் மேல் அவருக்கு இருந்த மரியாதை 1893இல் ஓர் அச்சுத் தொகுப்புக்குப் போட்ட அட்டைப் படத்தில் தெரியும். நடனக்காரர் ஜான் அவ்ரில் அச்சகத்துக்கே வந்து, அப்போதுதான் அடித்தெடுத்த தாளைக் கையில் பிடித்து உற்றுப் பார்க்கிறார். பின்னால் கொத்தெல் என்ற வயதான அச்சுத் தொழிலாளி இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றுகிறார். மேடை நட்சத்திரத்துக்கும் வேலை உடுப்பில் இருக்கும் தொழிலாளிக்கும் ஒரே படத்தில் இடம் கொடுத்திருக்கிறார்.

ஷா-யு-காவோ படம் தனித்து வெளிவந்ததல்ல. 'எல்' என்ற தொகுப்பில் ஒரு தாள். பெண்களைக் குறிக்கும் 'அவர்கள்' என்று பொருள். பத்துப் படங்கள், அட்டையும் முகப்பும் தனி. குஸ்தாவ் பெலே என்ற பதிப்பாளர் வெளியிட்டார். பெரும்பாலான படங்களில் பாலியல் விடுதிகளில் வாழ்ந்த பெண்கள் இருக்கிறார்கள். லோத்ரெக் அந்த விடுதிகளில் நாள்கணக்கில் தங்கி வரைந்தவர். ஆனால் வாங்குகிறவர்கள் எதிர்பார்த்தது எதுவும் இந்தத் தாள்களில் இல்லை. ஒரு பெண் குளிக்கத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிறார். ஒருவர் முகம் கழுவுகிறார். ஒருவர் கைக்கண்ணாடி பார்க்கிறார், ஒருவர் தலை சீவுகிறார், ஒருவர் அலுத்துப்போய் மல்லாந்து கிடக்கிறார். ஏறக்குறைய எல்லாருமே தனியாக இருக்கிறார்கள். பத்தில் ஒரே ஒரு தாளில்தான் ஓர் ஆண் வருகிறான், உட்கார்ந்து வேடிக்கை பார்க்க. முகப்பில் ஆணுக்குப் பதில் அவனுடைய உயரத் தொப்பி மட்டும் கிடக்கிறது.

இந்தப் பெண்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகவும் காட்டவில்லை, கவர்ச்சியாகவும் காட்டவில்லை. வேலைக்கு நடுவே கிடைத்த சொந்த நேரத்தில் இருக்கும் மனிதர்கள். ஷா-யு-காவோ விடுதிப் பெண் இல்லை, மேடைக் கலைஞர். ஆனாலும் அவரும் மற்றவர்களைப்போலத் தன் வேலையிலிருந்து விலகி உட்கார்ந்திருக்கும் ஒரு கணத்தில்தான் நமக்குக் கிடைக்கிறார். தொகுப்பில் அவரைச் சேர்த்ததன் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

1896 ஏப்ரலில் 'லா ப்ளூம்' பத்திரிகையின் காட்சிக்கூடத்தில் தொகுப்பு முழுவதும் பார்வைக்கு வந்தது. ஒரு தொகுப்பு 300 ஃபிராங்க். விற்கவில்லை. பெலே கடைசியில் தாள்களைப் பிரித்துத் தனித்தனியாக விற்றார். இன்று முழுத் தொகுப்பு ஒன்று ஒரே இடத்தில் இருப்பதே அபூர்வம் என்ற நிலைக்கு அதுவும் ஒரு காரணம்.

லித்தோகிராஃப் என்று பெயர் இருந்தாலே அசல் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. இங்கே ஒரு நீண்ட படிவரிசை இருக்கிறது. அதே க்ளோவிடம், அதே வருஷங்களில், செசான் என்ற பிரெஞ்சு ஓவியர் 'நீராடுபவர்கள்' லித்தோகிராஃபைச் செய்தார். கருப்புக் கோட்டுக்கான கல்லை மட்டும் அவர் வரைந்தார். அதில் அடித்த ஒரு தாளில் நீர்வண்ணம் தீட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்து நிறக் கற்கள் எல்லாவற்றையும் வரைந்தது க்ளோ. அப்படியானால் நிறம் யாருடையது? அறிஞர்கள் இன்னும் வாதாடுகிற விஷயம். நம் நாட்டில் 1894இல் மும்பை காட்கோபரில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் படங்களும் கல்லச்சுதான். நம் வீடுகளின் பூஜையறைகளில் தொங்கிய லட்சுமியும் சரஸ்வதியும் அங்கிருந்து வந்தவை. ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அதைப் பார்த்துக் கல்லில் பிரித்து வரைந்தவர்கள் ஜெர்மானியத் தொழில்நுட்பர்களும் அவர்களிடம் பழகியவர்களும். அங்கே அசல் ஓவியம் வேறு, அச்சு வேறு. தொழில்நுட்பம் ஒன்றேதான், ஆனால் 'அசல் அச்சு' என்று லோத்ரெக் தாளைச் சொல்வதுபோல அதைச் சொல்ல முடியாது. அதனால் அந்தப் படங்களின் மதிப்பு குறைந்துவிடாது. கோடிக்கணக்கான மக்களுக்குக் கடவுளின் முகத்தைக் கொடுத்தவை அவை. அவற்றின் பெருமை வேறு வகை.

கல்லின் இடத்தைப் பிறகு துத்தநாகத் தகடும் அலுமினியத் தகடும் பிடித்தன. தகட்டிலிருந்து ரப்பர் போர்வைக்கு, அங்கிருந்து தாளுக்கு என்று மாற்றியதும் ஆஃப்செட் வந்தது. சிவகாசியில் அடிக்கிற காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் இன்றும் அதே தண்ணீர்-எண்ணெய் விலக்கத்தால்தான் அச்சாகின்றன.

கடைசியாக ஒரு பயனுள்ள விஷயம். லோத்ரெக் படம் என்று யாராவது ஒரு தாளைக் காட்டினால் நல்ல லென்ஸ் ஒன்றை வைத்துப் பாருங்கள். நிறங்கள் சம இடைவெளியில் ஒழுங்கான புள்ளிவரிசைகளாகப் பிரிந்தால், அது புகைப்படம் எடுத்து ஆஃப்செட்டில் அடித்த மறுபதிப்பு. அருங்காட்சியகக் கடைகளில் விற்பது இந்த வகை. கல்லில் அடித்ததென்றால் அப்படி ஒழுங்கு இருக்காது. கிரெயான் ஓடிய இடத்தில் மணிமணியாக ஒழுங்கில்லாத துகள்கள் தெரியும், பூசிய இடம் புள்ளியே இல்லாமல் ஒரே நிறமாக இருக்கும், தெளித்த மை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகச் சிதறியிருக்கும். 'எல்' தொகுப்புக்காகவே செய்த தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பெலேயின் பெயரும் லோத்ரெக்கின் பெயரும் நீர்க்குறியாகத் தெரியும். அசல் தாள் பார்க்கக் கிடைக்காதவர்கள் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் பார்த்து, படத்தைப் பெரிதாக்கி மஞ்சள் காலரின் ஓரங்களை ஆராயலாம்.